பிக்கப் வண்டி: வாங்குவது, ஓட்டுவது, கீழே குனிந்து பார்ப்பது

ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையில் காய்கறி லோடு ஓட்டுகிறவன் நான். புதிதாகப் பிக்கப் எடுப்பவர்களும் எடுத்து ஒரு வருடம் ஆனவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வண்டி வாங்கும்போது எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கிளட்ச்சில் தொடங்கி பின் சக்கரம் வரைக்கும் கீழே ஓடுகிற சாமான்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் ஓனர் கையிலிருந்து காசு போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

குட்டி யானை போதுமா, பெரிய பிக்கப்தான் எடுக்கணுமா?

என்ன லோடு, எந்த ரோடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வண்டியை அப்புறம் பார்க்கலாம். குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், சுமார் 16 குதிரைத்திறன். சந்து பொந்தில் நுழைந்து தண்ணீர் கேன், மளிகை, சிலிண்டர் இறக்குவதற்கு அந்த ரகத்தை இன்றும் அடிக்க ஆளில்லை. ஆனால் அதில் தாங்குகிற அளவைவிட இரண்டு மடங்கு தக்காளிப் பெட்டியை அடுக்கிக்கொண்டு மலை ஏறுகிறவர்களையும் பார்க்கிறேன், பாவம் அந்த வண்டி. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது, அது ஒன்றேகால் டன் ரகம். பொலேரோ பிக்கப் 1.3 டன்னில் தொடங்கி 1.7 டன் வரை போகிறது. 2523 சிசி எஞ்சின், சுமார் 75 குதிரைத்திறன். எண்ணிக்கையைப் பார்த்தால் சின்ன கார் அளவுதான், ஆனால் முதல் கியரும், பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தின் விகிதமும் இழுப்பதற்காகவே அமைத்தவை. வேகம் வராது, இழுவை வரும். தினமும் ஒரு டன்னுக்கு மேல் லோடு நிச்சயம் என்றால் பெரியதை எடுங்கள், இல்லையென்றால் டியூ கட்டுவதற்காகவே ஓட்டவேண்டியதாகிவிடும்.

மஞ்சள் போர்டு, பர்மிட், எஃப்.சி., பேட்ஜ் எல்லாம் குழப்பமாக இருக்கிறதே?

சரக்கு வாடகைக்கு ஓட்டினால் மஞ்சள் போர்டுதான், அதில் குறுக்கு வழி கிடையாது. வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. நிறைய பிக்கப்களின் ஆர்.சி.யில் மொத்த எடை 3000-க்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்பது தற்செயல் இல்லை. அதைத் தாண்டிய மாடல் என்றால் பர்மிட் எடுக்கணும், ஷோரூமில் கேட்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) முதல் எட்டு வருடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எட்டு வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். லைசென்ஸ் விஷயத்தில், இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. ஆக, கார் லைசென்ஸ் வைத்திருக்கிற தம்பி பிக்கப் ஓட்டி விபத்தானால் 'பேட்ஜ் (அந்தத் தனி அனுமதி) இல்லை' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க முடியாது.

பழைய வண்டி பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்கணும்?

பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு சாக்கை விரித்துக் கீழே படுங்கள். புதிதாக பெயின்ட் அடித்த பாடி எதையும் சொல்லாது, அடிப்பகுதி எல்லாவற்றையும் சொல்லிவிடும். சேஸிஸில் வெல்டிங் வைத்த இடம் இருக்கிறதா, குறிப்பாகப் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட் பக்கத்தில். ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததைவிட அதிகமாக பிளேட் கட்டியிருக்கிறார்களா (இருந்தால் அந்த வண்டி ஓவர்லோடு ஓடியது என்று அர்த்தம், ஓனர் என்ன சொன்னாலும் சரி). ஹவுசிங்கில் (பின் சக்கரங்களுக்கு நடுவில் கிரவுனை மூடியிருக்கும் இரும்புக் கூடு) எண்ணெய் வடிந்து மண் ஒட்டிக் கட்டியாகி இருக்கிறதா. கியர்பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் நீளக் குழாயான புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், அதன் முனையில் இருக்கும் கிராஸ் என்ற இணைப்பில் ஆட்டமே இருக்கக் கூடாது. கொஞ்சம் சுற்றினால் ஒரு சிறு இடைவெளி தெரியும், அது கிரவுனில் எப்போதும் இருப்பதுதான். கை நன்றாகச் சுற்றிப் போய் 'டக்' என்று இடித்து நின்றால் யோசியுங்கள்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் லோடோடு. காலி வண்டி எல்லா நோயையும் மறைக்கும். தர மாட்டேன் என்று ஓனர் அடம்பிடித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ரிவர்ஸிலிருந்து முதல் கியர் போட்டு எடுக்கும்போது அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். என்ன அது?

பத்தில் எட்டுத் தடவை அது யுனிவர்சல் ஜாயின்ட், நாம் கிராஸ் என்று சொல்வது. கியர்பாக்ஸ் சேஸிஸோடு நிலையாக நிற்கிறது, பின் ஹவுசிங்கோ ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து பள்ளம் மேடுக்கு ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் சக்தியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் நேர்க்கோட்டிலேயே இருக்க முடியாது, அதற்காகத்தான் சிலுவை வடிவத்தில் இந்த கிராஸ். அதன் நாலு முனையிலும் கப், கப்புக்குள் ஊசி ஊசியாக நீடில் பேரிங். கிரீஸ் காய்ந்துவிட்டால் அந்த ஊசிகள் சிலுவையின் மேல் கோடு கோடாகப் பள்ளம் போட்டுவிடும். அப்புறம் சக்தியின் திசை மாறும் ஒவ்வொரு தடவையும், முன்னால் எடுத்தாலும் பின்னால் எடுத்தாலும், அந்தப் பள்ளத்துக்குள் குதித்து 'கடக்'.

ஆரம்பத்தில் கிளம்பும்போது மட்டும் கேட்கும். பிறகு 30 கிலோமீட்டர் வேகத்தில் 'கிணிங் கிணிங்' என்று தகரத்தைத் தட்டுகிற மாதிரி வரும். அதற்குப் பிறகு கப்பைச் சுற்றி துருப் பொடி, செம்மண் நிறத்தில், வெளியே வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் அடுத்த லோடு ஏற்றாதீர்கள். கிராஸின் விலை ஒரு நல்ல ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிடுகிற செலவுதான். அது ஓட்டத்தில் உடைந்து ஷாஃப்ட் கீழே விழுந்தால், முன்பக்கம் விழுந்து ரோட்டில் குத்தினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மீதி இரண்டு தடவை? கிரவுன் தேய்மானம், யூ போல்ட் (ஹவுசிங்கை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டும் போல்ட்) லூஸ், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் கிழிந்தது, இவற்றில் ஒன்று. யூ போல்ட் லூஸை ஸ்பேனர் வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், அதை முதலில் பாருங்கள்.

கிராஸ் மாற்றினேன், இப்போது வண்டி முன்பைவிட அதிகமாக ஆடுகிறது. பொருள் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் ஷாஃப்ட்டை மாற்றி மாட்டியிருப்பார்கள். ஒரு கிராஸ் சாய்ந்த நிலையில் சுற்றும்போது அது வெளியே கொடுக்கும் வேகம் சீராக இருக்காது, ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு தடவை கூடிக் குறையும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதற்கு நேர் எதிராகக் கூட்டிக் குறைத்துச் சரி செய்யணும். அதற்கு ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே கோட்டில் நிற்கணும். ஷாஃப்ட்டின் நடுவில் பல் வைத்த ஸ்லிப் ஜாயின்ட் இருக்கிறது, கழற்றி மாட்டும்போது ஓரிரு பல் தள்ளி உட்கார்ந்தால் சரி செய்ய வேண்டியது கெடுக்க ஆரம்பிக்கும். வண்டி அதிரும், புது கிராஸும் சீக்கிரம் போகும்.

கம்பெனி ஷாஃப்ட்டில் அம்புக்குறி இருக்கும், சேற்றில் மறைந்திருக்கும். கழற்றுவதற்கு முன் சுண்ணாம்போ பெயின்டோ வைத்து இரண்டு பக்கமும் குறி போடச் சொல்லுங்கள். 'அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்ணே' என்பார்கள், போடச் சொல்லுங்கள். ஷாஃப்ட்டில் ஒட்டியிருக்கும் சின்ன இரும்புத் துண்டு பேலன்ஸுக்காக வெல்டு செய்தது, அதையும் யாரும் தட்டி எடுத்துவிடக் கூடாது.

சென்டர் பேரிங் போய்விட்டது என்கிறார்கள்.

ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும் வண்டிகளில் நடுவில் ரப்பருக்குள் ஒரு பேரிங் தொங்கும். ரப்பர் கிழிந்தால் லோடோடு கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் உறுமல் மாதிரி ஓர் அதிர்வு வந்து, வேகம் எடுத்ததும் காணாமல் போகும். மாற்றிவிடுங்கள், பெரிய வேலை இல்லை.

லோடு ஏற்றினால் பின்னால் உட்காருகிறது. இரண்டு பிளேட் சேர்த்துக் கட்டலாமா?

எல்லாரும் கட்டுகிறார்கள், ஸ்பிரிங் பட்டறையில் காலையில் விட்டால் மதியம் கொடுத்துவிடுவார்கள். என் கருத்து: கட்ட வேண்டாம். வண்டி குதிக்கும், முதுகு வலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாத விஷயம் இரண்டு இருக்கிறது.

ஒன்று, பிளேட் சேர்த்ததும் பின்பக்கம் உயரும். ஹவுசிங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே இருந்த கோணம் மாறும். மேலே சொன்ன கிராஸ் இப்போது எப்போதுமே அதிகச் சாய்வில் சுற்றுகிறது. காலியாகத் திரும்பி வரும்போது அதிர்கிறது என்று வருகிற வண்டிகளில் பாதி இந்த ரகம்.

இன்னொன்று அதைவிட முக்கியம். பல பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் ஆயிலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு உண்டு, அதிலிருந்து ஒரு கம்பி ஹவுசிங்கோடு இணைந்திருக்கும். லோடு ஏறிப் பின்பக்கம் இறங்கினால் அந்தக் கம்பி நகர்ந்து 'லோடு இருக்கிறது, பின் பிரேக்கை முழுசாகக் கொடு' என்று வால்வுக்குச் சொல்லும். காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும், பின் சக்கரம் சறுக்கக் கூடாது என்பதற்காக. நீங்கள் பிளேட் கட்டியதும் ஒன்றரை டன் ஏற்றினாலும் பின்பக்கம் இறங்காது. வால்வு வண்டி காலி என்று நினைத்துக்கொள்ளும். மலை இறக்கத்தில் முழு லோடோடு போகும்போது பின் பிரேக் பாதிதான் வேலை செய்கிறது, மீதிப் பாரம் முழுக்க முன் பிரேக் தலையில். கட்டித்தான் ஆகணும் என்றால் அந்தக் கம்பியை அதற்கேற்ப செட் செய்யத் தெரிந்த ஆளிடம் கட்டுங்கள். பட்டறைக்காரர் அந்தக் கம்பியைக் கழற்றிக் கட்டுக்கம்பியால் சும்மா கட்டித் தொங்கவிட்டிருந்தால் வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

கிளட்ச் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

கால்தான் காரணம். ஓட்டாத நேரத்திலும் இடது காலை கிளட்ச் மிதி மேல் வைத்திருப்பவர்கள், கொடைக்கானல் சீசனில் வாகன வரிசை நகரும்போது ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தொங்கவிடுபவர்கள், குடோனுக்குள் ரிவர்ஸில் மேடு ஏற்றும்போது ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு கிளட்ச்சைப் பாதி விடுபவர்கள். இந்த மூன்றில் கடைசியில் சொன்னது மிக மோசம். பத்து நிமிட ரிவர்ஸில் வரும் கருகல் வாடை பல நாள் ஓட்டத்தில் தேய்வதைவிட அதிகமாகத் தேய்த்துவிடும்.

டீசல் எஞ்சினுக்கு ஐடிலிலேயே இழுவை இருக்கிறது. சமதளத்தில், மண்டி வரிசையில் நகரும்போது முதல் கியரில் கிளட்ச்சை முழுசாக விட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஊர விடுங்கள். ஏற்றத்தில் நிற்கவேண்டியிருந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நியூட்ரலில் நில்லுங்கள், முன்னால் இருக்கிற வண்டி இரண்டு வண்டி நீளம் போன பிறகு ஒரே தடவையில் எடுங்கள். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும். கிளட்ச் செட் அவர் வாங்கித் தரப்போவதில்லை.

கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா என்று பார்க்க: லோடோடு மேடு ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. சத்தத்திலும் ஒரு கணக்கு உண்டு. மிதியை அழுத்தும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் ரிலீஸ் பேரிங்; அழுத்தினால் நின்று, விட்டால் உறுமினால் கியர்பாக்ஸ் முன் பேரிங். மாற்றும்போது கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தான் போகிறார்கள், கூலி அதற்குத்தான். அதனால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே போடுங்கள், ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்திருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். பிளேட் மட்டும் மாற்றினால் போதும் என்று மிச்சம் பிடிப்பவர்கள் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்கிறார்கள்.

கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் ஒரே ஆயில் ஊற்றலாமா?

டப்பா ஒரே மாதிரி இருக்கும், ஆயில் ஒன்று இல்லை. கிரவுனும் அதைச் சுற்றவைக்கும் சின்ன பல்சக்கரமான பினியனும் ஒன்றின் மேல் ஒன்று உருண்டு மட்டும் போவதில்லை, அழுத்தத்தோடு வழுக்கிக்கொண்டே போகின்றன. அதற்குக் கடுமையான அழுத்தம் தாங்கும் ஜி.எல்.-5 தர ஆயில் வேண்டும். கியர்பாக்ஸுக்குள், கியர் கரகரக்காமல் விழ உதவும், பித்தளையில் செய்த சிங்க்ரோனைசர் வளையங்கள் இருக்கும், ஜி.எல்.-5-ல் சேர்க்கும் கந்தகப் பொருள் சில சமயம் பித்தளையை அரிக்கும், வழுக்கலும் அதிகமாகி கியர் விழும்போது கரகரக்கும். பல கியர்பாக்ஸ்களுக்கு ஜி.எல்.-4 என்று எழுதியிருப்பது அதனால்தான். உங்கள் வண்டிக் கையேட்டில் எது இருக்கிறதோ அதுதான் சட்டம், கடைக்காரர் 'இது அதைவிட உசத்தி' என்று சொல்வது இல்லை.

மழை வெள்ளத்தில் ஹவுசிங் மூழ்கும் அளவுக்கு வண்டி போயிருந்தால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பின்னால் 'ஊ...' என்று கூவுகிறது. கிரவுனா, டயரா, பேரிங்கா?

ரோட்டை வைத்துக் கண்டுபிடியுங்கள். புதுத் தார் ரோட்டில் குறைந்து பழைய ரோட்டில் கூடினால் டயர். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் சக்கர பேரிங். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கூவி, காலை எடுத்ததும் நின்றால், அல்லது அப்படியே தலைகீழாக, காலை எடுத்தால்தான் கூவினால், கிரவுன்-பினியன். பல்லின் ஒரு பக்கம் இழுக்கும்போதும் மறுபக்கம் எஞ்சின் பிடிக்கும்போதும் வேலை செய்வதால் இந்த வித்தியாசம்.

மெதுவான கூவலோடு ரொம்ப காலம் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன, ஆயிலை மட்டும் சரியாக வையுங்கள். மாற்ற வேண்டி வந்தால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்றணும். ஃபேக்டரியில் ஜோடி சேர்த்துப் பொருத்தியவை அவை. பல்லில் பெயின்ட் தடவிச் சுற்றி எங்கே பதிகிறது என்று பார்த்து ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்து செட் செய்கிற மெக்கானிக்கிடம் கொடுங்கள். கண்ணால் பார்த்து இறுக்குகிறவர் வேண்டாம்.

பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிகிறது, சீல் மாற்றியும் நிற்கவில்லை.

ஹவுசிங் மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும், விரல் நுனி அளவு. ஓடும்போது உள்ளே சூடாகி விரியும் காற்று அது வழியாக வெளியே போகணும். சேறு அடைத்துவிட்டால் அந்த அழுத்தம் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும், எத்தனை சீல் மாற்றினாலும் தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்து பாருங்கள், காசே ஆகாது. ஆனால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போயிருந்தால் லைனிங் ஊறிப்போயிருக்கும். துடைத்து மாட்டாதீர்கள், மாற்றுங்கள்.

மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடலாமா?

விடக் கூடாது. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம், வத்தலக்குண்டு சமவெளி அதற்கு 1800 மீட்டர் கீழே. மூன்று டன் எடையுள்ள வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது எங்காவது போயாகணும். கியரில் இருந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட மொத்தமும் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும். லைனிங் கருகும், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்தால் மிதி தரை வரைக்கும் போகும், அப்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. இதில் இன்னொரு வேடிக்கை, இன்றைய டீசல் எஞ்சின் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டிருந்தால் டீசலை முழுசாக நிறுத்திவிடுகிறது, நியூட்ரலில்தான் ஐடில் ஓடுவதற்கு டீசல் குடிக்கிறது. ஆக மிச்சமும் இல்லை.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இப்போதும் சரி. கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள், பிரேக்கை விட்டு விட்டு உறுதியாக அழுத்துங்கள், தடவிக்கொண்டே வராதீர்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுங்கள், டிரம் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிற புத்திசாலிகளும் உண்டு. பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் பவர் ஸ்டியரிங்கும் எஞ்சினோடு சேர்ந்து போய்விடும் என்பது அவர்களுக்கு இரண்டாவது வளைவில்தான் தெரியும்.

காலி வண்டி மழையில் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறதே?

பிக்கப்பின் இயல்பு அது. எடை முழுக்க முன்னால் எஞ்சின் மேல், இழுப்பதோ பின் சக்கரம். லோடு ஏற்றுவதற்காக இறுக்கமாகச் செய்த ஸ்பிரிங் காலியாக இருக்கும்போது அசையாமல் சக்கரத்தைத் துள்ள விடுகிறது. முதல் மழையில், ரவுண்டானாவில், இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலே பின்பக்கம் ஒதுங்கும். மெதுவாகத் திரும்புங்கள், திரும்பும்போது கிளட்ச்சைச் சட்டென்று விடாதீர்கள். சந்தையிலிருந்து காலியாகத் திரும்பும்போது சிலர் இரண்டு மூன்று மணல் மூட்டையைப் பின் சக்கரத்துக்கு நேர் மேலே போட்டுக் கட்டிக்கொள்கிறார்கள், அது நல்ல பழக்கம். கட்டணும், சும்மா போட்டால் பிரேக் அடிக்கும்போது கேபினை வந்து இடிக்கும்.

பின்னால் ஒரு பக்கம் புது டயர், ஒரு பக்கம் பழசு. ஓட்டலாமா?

ஸ்டெப்னி மாட்டி வீடு போய்ச் சேரலாம், அப்படியே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். தேய்ந்த டயர் விட்டம் குறைவு, ஒரே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். வளைவில் மட்டும் வேலை செய்வதற்காக ஹவுசிங்குக்குள் இருக்கும் சின்ன கியர்கள் நேர் ரோட்டிலும் ஓயாமல் சுற்றும், அது அவற்றுக்கான வேலை இல்லை. காற்று அழுத்தம் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி. முழு லோடு அளவைக் காலியாக ஓட்டும்போதும் வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும்.

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் எடுக்கலாமா? வீ-கிராஸ், ஹைலக்ஸ் எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஆசைக்கு எடுக்கலாம், வாடகைக்கு எடுத்தால் கணக்கு வராது. இசுஸு டி-மேக்ஸ் வீ-கிராஸ் 1898 சிசி, 163 குதிரைத்திறன். 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் 2755 சிசி, 204 குதிரைத்திறன். இரண்டிலும் பின்னால் பெட்டி சின்னது, தோட்டம் வைத்திருப்பவர், மலையில் எஸ்டேட் பார்ப்பவர், குடும்பத்தோடும் போகணும் கொஞ்சம் சாமானும் போடணும் என்பவருக்கு அருமையான வண்டி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இவற்றில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் போகிறது, சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி செய்துகொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. ஸ்டியரிங் கனக்கும், கியர்கள் முறுக்கிக்கொள்ளும். அதனால் காய்ந்த ரோட்டில் டூ வீலிலேயே ஓட்டுங்கள்.

பி.எஸ். 6 வண்டியில் சைலன்சரில் ஏதோ அடைக்கிறது என்று விளக்கு எரிகிறது?

பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. நீண்ட ஓட்டத்தில் சூடேறி அதுவாகவே கரியை எரித்துக்கொள்ளும். தெருவுக்குள்ளேயே அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று ஓடி நிறுத்துகிற வண்டியில் அந்தச் சூடு வராது. விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி நான்கு வழிச்சாலையில் கொஞ்ச தூரம் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள்.

ஓவர்லோடு போட்டால்தானே கட்டுப்படியாகும்?

இந்த வாதத்தை நானும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பிடிபடாவிட்டாலும் மேலே எழுதிய கிராஸ், கிளட்ச், கிரவுன், பிளேட் எல்லாம் தனித்தனியாக வசூல் செய்துகொள்ளும். வாடகை பேசும்போது எடையைக் கேட்டுப் பேசுங்கள், 'நாலு பெட்டி கூட' என்பதற்கு நாலு பெட்டிக் காசு கேளுங்கள்.

கோயிலுக்கு, கல்யாணத்துக்குப் பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு போகலாமா?

வேண்டாம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிற பயணிக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. நஷ்டஈடு முழுவதும் ஓனர் சொத்திலிருந்துதான். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஒரு வேன் பிடித்துக் கொடுங்கள்.

வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, கட்டி இழுத்துவரலாமா?

கொஞ்ச தூரம் பரவாயில்லை. அதிக தூரம் என்றால் பின் ஹவுசிங் பக்கம் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு இழுங்கள், இல்லையென்றால் பின் சக்கரத்தைத் தூக்கி இழுங்கள். நியூட்ரலில் இழுத்தாலும் பின் சக்கரம் ஷாஃப்ட்டைச் சுற்றும், ஷாஃப்ட் கியர்பாக்ஸின் வெளி முனையைச் சுற்றும், ஆனால் எஞ்சின் ஓடாததால் அடியில் ஆயிலை வாரி இறைக்கும் ஷாஃப்ட் நின்றுகொண்டிருக்கும். காய்ந்தே சுற்றி பேரிங் போய்விடும். சின்னக் கோளாறுக்கு நின்ற வண்டி, வீடு வரும்போது கியர்பாக்ஸ் வேலையோடு வந்து சேரும்.

நானே என்னென்ன செய்துகொள்ளலாம்?

ஒரு கிரீஸ் கன் வாங்கிக்கொள்ளுங்கள். கிராஸில் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருக்கிறதா பாருங்கள் (சில புது வண்டிகளில் நிப்பிள் இல்லாமல் மூடி சீல் செய்தே வரும், அதற்கு கிரீஸ் தேவையில்லை), ஸ்லிப் ஜாயின்ட், ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு தொங்கவிடும் ஷாக்கிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே அடித்துவிடுங்கள். யூ போல்ட் இறுக்கம், ஷாஃப்ட் போல்ட் இறுக்கம், ஆயில் கசிவு, இதெல்லாம் லோடு ஏறுவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்க்கலாம்.

டயர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால் கியரில் போட்டிருப்பது வண்டியைப் பிடிக்காது. ஹவுசிங்குக்குள் இருக்கும் அதே சின்ன கியர்கள் தூக்கிய சக்கரத்தைச் சுற்றவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை உருளவிடும். ஹேண்ட் பிரேக்கும் அப்போது ஒரு சக்கரத்தில்தான் பிடிக்கும். ஆகவே ஜாக்கியைத் தொடுவதற்கு முன் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டையோ பெரிய கல்லோ வையுங்கள், லோடு இருந்தால் இன்னும் பெரிய கல்லாக. வேலை முடிந்து கிளம்பும்போது கல்லை ரோட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள், பின்னால் பைக்கில் வருகிறவர் இருட்டில் அதைப் பார்க்கமாட்டார்.